கடன் தீர்க்கக் கடலுக்குப் போனவர்

பவானிக்கு அக்கரையில் குமாரபாளையம். நூறு வருஷங்களுக்கு முன்பு அக்கரை சேலம் ஜில்லா. பவானிக் கரை கோயமுத்தூர் ஜில்லா. அந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் உத்தியோகம் பார்த்தவர் சர் பிரெடரிக் நிக்கல்ஸன். 1846ல் பிறந்த இங்கிலீஷ்காரர். 1887ல் அந்த ஜில்லாவின் வரலாற்றையும் விவரங்களையும் தொகுத்து ஒரு பெரிய நூலாக்கினார்.

மானாவாரிப் பூமியில் குடியானவன் படும் பாட்டை அவர் நேரில் கண்டார். மழை பொய்த்தால் கடன். கடன் ஏறினால் நிலம் லேவாதேவிக்காரனுக்கு. இதற்கு மாற்று உண்டா என்று ஆராயச் சென்னை சர்க்கார் அவரைப் பணித்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராமம் கிராமமாக ஏற்படுத்திய கடன் சங்கங்களே வழி என்று 1895லும் 1897லும் இரண்டு பாகங்களாக அறிக்கை தந்தார். 1904ல் வந்த கூட்டுறவுச் சட்டத்துக்கு அது அடிகோலியது.

அறுபதை நெருங்கிய வயதில் மற்றவர்கள் ஓய்வை நாடுவார்கள். இவரோ 1905ல் மீன் தொழிலை ஆராயும் பொறுப்பை ஏற்றார். கரையோரத்திலும் அதே கதை! வலையும் படகும் கடனில். பிடித்த மீனோ விலை போகுமுன் அழுகியது.

மேல்நாட்டில் கடல் விஞ்ஞானம் அப்போது ஓங்கி வளர்ந்திருந்தது. 1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' கப்பல் உலகக் கடல்களின் ஆழத்தை அளந்து வந்தது. ஆனால் அங்கே மீன்பிடித்தல் நீராவிக் கப்பல் வைத்திருக்கும் முதலாளிகளின் தொழிலாகிக்கொண்டிருந்தது. கட்டுமரக்காரனுக்கு அதில் இடம் ஏது? ஆகவே அவர் பார்வை ஜப்பான் மேல் சென்றது. ஜப்பானியர் மேல்நாட்டு வித்தையைக் கற்று, 1886ல் மிஸாகியில் கடல் ஆராய்ச்சி நிலையம் கண்டவர்கள். சிறு மீனவர்களுக்கென்றே பள்ளிகளும், பரிசோதனை நிலையங்களும், சங்கங்களும் அங்கே இருந்தன. அவற்றைப் பற்றி 1907ல் நிக்கல்ஸன் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டில் சென்னையில் மீன் துறை பிறந்தது.

மலபார்க் கரையில் மத்தி மீனை அழுகவிட்டு எண்ணெய் எடுப்பது வழக்கம். புது மீனை வேகவைத்துப் பிழிந்தால் தெளிந்த எண்ணெயும் நல்ல எருவும் கிடைக்கும் என்று தானூரில் செய்து காட்டினார். கண்டவர்கள் தாமும் ஆலை வைத்தார்கள். முத்து, சங்கு ஆராய்ச்சியில் வல்லவரான ஜேம்ஸ் ஹார்னெல் 1908ல் துறையில் சேர்ந்து, பின்னர் அவருக்கு அடுத்த டைரக்டரானார். நிக்கல்ஸன் 1936ல் காலமானார்.

அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்புதான் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. இன்று அந்த நீர்த்தேக்கத்தில் மீன் குஞ்சு விடுவது மீன் துறை. வலை வீசுகிறவர்கள் கூட்டுறவுச் சங்கத்தார். கடல் காணாத நம் சீமையில் அவருடைய இரண்டு முயற்சிகளும் ஒரே தண்ணீரில் சந்திக்கின்றன.