கண் மருத்துவர் கட்டிய மொழி

மாலை ஆறு மணிக்கு நம் குடியிருப்பின் பூங்காவில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் காதில் விழும். குழந்தைகள் எல்லாவற்றையும் கலந்துகட்டிப் பேசி விளையாடிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களாகிய நாம்தான் நம் மொழிக்காரர் இருக்கும் பெஞ்ச் எது என்று பார்த்துப் போய் உட்காருகிறோம். நமக்கு இது சாதாரண விஷயம். ஆனால் ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு, இதைவிடக் கசப்பான ஓர் ஊரில், ஒரு சிறுவன் இதைப் பார்த்து மனம் வருந்தினான். வருந்தியதோடு நிற்காமல் ஒரு புது மொழியையே உருவாக்கினான். எஸ்பெராண்டோ என்ற அந்த மொழியைத் தந்த லூத்விக் சாமென்ஹோஃப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

அவர் பிறந்தது 1859 டிசம்பர் 15-ஆம் தேதி, பியாலிஸ்டோக் என்ற ஊரில். இன்று அது போலந்தில் இருக்கிறது; அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. யூதர்கள் யித்திஷ் பேசினார்கள். போலந்துக்காரர்களுக்குப் போலிஷ், ஜெர்மானியர்களுக்கு ஜெர்மன், அரசாங்கத்துக்கு ரஷ்ய மொழி. சந்தையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. சண்டைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாமென்ஹோஃப் யூதக் குடும்பத்துப் பிள்ளை. தந்தை மார்க்கஸ் மொழி ஆசிரியர், கண்டிப்பானவர். எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி இருந்தால் இந்தப் பகை குறையுமே என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவர் மனதில் விழுந்துவிட்டது.

1873-இல் குடும்பம் வார்சா நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் லத்தீன், கிரேக்கம் படித்தபோது அவற்றில் ஒன்றையே உலகப் பொதுமொழியாக்கலாமா என்று யோசித்தார். இலக்கணச் சுமையைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. பிறகு ஆங்கிலம் படித்தார். வினைச்சொற்களுக்கு இத்தனை விகுதிகள் இல்லாமலே ஒரு மொழி நன்றாக ஓடுகிறதே என்பது அவருக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

இலக்கணம் சுருங்கிவிடும்; சொற்களை என்ன செய்வது? அகராதியின் கனத்தை நினைத்தாலே பயமாக இருந்தது. விடை தெருவில் கிடைத்தது. தினமும் பார்த்த இரண்டு ரஷ்யப் பெயர்ப்பலகைகள்: ஒன்று வாயிற்காவலர் அறை (நம் செக்யூரிட்டி அறை மாதிரி), மற்றொன்று மிட்டாய்க் கடை. இரண்டு பெயர்களும் ஸ்கயா என்றே முடிந்தன. ஒரே விகுதியைப் பல சொற்களோடு ஒட்டினால் புதுச் சொற்கள் தாமாகவே பிறக்கும். ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்று அன்று அவருக்குப் புரிந்தது.

அடுத்தது ஒலி. சும்மா எழுத்துகளைக் கோத்து, ஓரசை, ஈரசையில் குட்டிக் குட்டிச் சொற்களாகச் செய்து பார்த்தார். தாளில் அழகாக இருந்தன. ஆனால் செய்தவருக்கே நினைவில் நிற்கவில்லை. அதனால் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஏற்கெனவே புழங்கிவந்த வேர்களை எடுத்துக்கொண்டார்.

1878 டிசம்பரில், 19 வயது நிரம்பிய அந்த வாரத்தில், பள்ளி நண்பர்கள் வீட்டில் கூடி அந்த மொழியின் முதல் வடிவத்தைக் கொண்டாடினார்கள். அதில் பாட்டும் பாடினார்கள். பள்ளி முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனதும், வெளியில் எழுந்த கேலிக்கு அஞ்சி நண்பர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1879-இல் அவர் மருத்துவம் படிக்க மாஸ்கோ சென்றார். மகன் இந்தப் பைத்தியத்தில் படிப்பைக் கோட்டைவிட்டுவிடுவானோ என்று தந்தைக்குக் கவலை. கைப்பிரதிகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மகன் கிளம்பினார். அந்தத் தாள்களைத் தந்தை எரித்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்த மகன் நினைவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதத் தொடங்கினார். தந்தையைக் குறை சொல்லிவிடுவது எளிது. ஆனால் பிள்ளை முதலில் ஒரு டிகிரி வாங்கட்டும் என்று நினைக்காத பெற்றோர் நம் பிளாக்கில் எத்தனை பேர்?

இந்த இரண்டாவது முயற்சிதான் மொழியைப் பக்குவப்படுத்தியது. நிறைய மொழிபெயர்த்தார், அந்த மொழியிலேயே நேராகச் சிந்தித்தும் பழகினார். விதியாக எழுதியபோது சரியாகத் தெரிந்த பல, பேசும்போது நாக்கில் இடறின. அவற்றை வெட்டினார், மாற்றினார்.

முடிவில் நின்ற கட்டமைப்பு இது. ஐந்து உயிரொலிகள், ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, எழுதியபடியே வாசிப்பு, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். பெயர்ச்சொல் எல்லாம் ஓ என்றும், பெயரடை ஆ என்றும் முடியும். வினைக்கு நிகழ்காலம் ஆஸ், இறந்தகாலம் ஈஸ், எதிர்காலம் ஓஸ். விதிவிலக்கே கிடையாது. மால் என்று முன்னால் சேர்த்தால் எதிர்ப்பொருள். சானா என்றால் ஆரோக்கியமான, மால்சானா நோயுற்ற, மால்சானுலோ நோயாளி, மால்சானுலேயோ மருத்துவமனை. ஒரே வேரிலிருந்து நான்கு சொற்கள். இடத்தைக் குறிக்க ஏயோ. லோஜி என்றால் குடியிருத்தல். லோஜேயோ என்றால் நாம் இருக்கும் இது, குடியிருப்பு!

தமிழருக்கு இதில் ஒன்று பழக்கமானதாகவே தோன்றும். செயப்படுபொருளுக்கு ன் என்ற ஒலியைக் கடைசியில் சேர்த்துவிட்டால், சொற்களை முன்னே பின்னே மாற்றி வைத்தாலும் பொருள் கெடாது. பூனையை நாய் துரத்தியது என்றாலும், நாய் பூனையைத் துரத்தியது என்றாலும் நமக்கு ஒன்றுதானே? நம் ஐ செய்யும் வேலையை அங்கே ன் செய்கிறது.

1885-இல் மருத்துவரானார்; பிறகு கண் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றார். இரண்டு ஆண்டுகள் அலைந்தும் புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. அப்போதுதான் கிளாராவைச் சந்தித்தார். சோப்புத் தொழில் நடத்திய அவருடைய தந்தை, மருமகனாகப் போகிறவரின் கனவைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை, உதவினார். 1887 ஜூலையில் சுமார் 40 பக்கமுள்ள சிறு நூல் வார்சாவில் வெளிவந்தது. 16 இலக்கண விதிகள், ஏறக்குறைய 900 வேர்ச்சொற்கள். சொந்தப் பெயரைப் போடாமல் டாக்டர் எஸ்பெராண்டோ என்று போட்டுக்கொண்டார். நம்பிக்கை கொண்டவர் என்பது அதன் பொருள். அந்தப் புனைபெயரே பின்னர் மொழிக்கும் பெயராகிவிட்டது.

அந்த நூலிலேயே மொழியின் மீதான தன் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்தார். அப்போது வோலாபூக் என்ற இன்னொரு செயற்கை மொழி புகழோடு இருந்தது. அதை உருவாக்கிய ஜெர்மன் பாதிரியார் ஷ்லையர் கடைசி முடிவு தன்னுடையதே என்று நின்றார், இயக்கம் உடைந்தது. சாமென்ஹோஃப் வேறு வழியில் போனார். 1894-இல் மொழியில் மாற்றங்கள் கேட்டுக் குரல்கள் எழுந்தபோது, திருத்தங்களைத் தானே எழுதி வாக்கெடுப்புக்கு விட்டார். பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டார். சங்கம் நடத்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு கோடிப் பேர் கற்பதாக உறுதி தந்தால் நானும் கற்பேன் என்ற உறுதிச்சீட்டை நூலோடு இணைத்திருந்தார். வந்து சேர்ந்தது சுமார் ஆயிரம் பேர்தான். மனைவி கொண்டுவந்த பணம் அச்சகத்தில் கரைந்தது. பிழைப்புக்காக ஊர் ஊராக மாறினார். கடைசியில் வார்சாவில் ஏழை யூதர்கள் வாழ்ந்த ஜிகா தெருவில் குறைந்த கட்டணத்தில் கண் பார்த்தார். இரவில் கடிதங்களும் மொழிபெயர்ப்புகளும்.

1905-இல் பிரான்சின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு. ஏறக்குறைய 20 நாடுகளிலிருந்து 688 பேர் வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லாமல் பேசிக்கொண்டார்கள். ஆனால் அங்கேயும் ஒரு முள். அவர் எழுதிய பிரார்த்தனைப் பாட்டின் கடைசிப் பகுதி எல்லா மதத்தாரையும் ஒன்றாகச் சொன்னது. சபைக்கு ஒவ்வாது என்று ஏற்பாட்டாளர்கள் தயங்கியதால் அந்தப் பகுதியை வாசிக்காமல் விட்டார். பொதுமொழி பேசியவர்களிடையேயும் பொதுமனம் முழுதாக வந்துவிடவில்லை.

1914-இல் பாரிஸ் மாநாட்டுக்குப் புறப்பட்டவரை ஜெர்மனியின் கொலோன் நகரில் உலகப் போர் மறித்தது. 1917 ஏப்ரல் 14 அன்று வார்சாவில் இறந்தார். போர் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. அடுத்த போர் அவருடைய பிள்ளைகளையே கொண்டுபோனது. கண் மருத்துவரான மகன் ஆதாம் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் சோஃபியாவும் லிதியாவும் 1942-இல் ட்ரெப்ளிங்கா முகாமில் மாண்டார்கள்.

அப்படியானால் அவர் தோற்றாரா? உலகப் பொதுமொழி என்ற இடம் எஸ்பெராண்டோவுக்குக் கிடைக்கவில்லை. வேர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்பதால், ஐரோப்பியருக்கு இருக்கும் சுலபம் நமக்கு இல்லை. கொலை செய்தவர்கள் மொழி புரியாமல் செய்தவர்களும் அல்லர். இருந்தும், இன்றும் பல நாடுகளில் இதைப் பேசுகிறார்கள். தாய்மொழியாகவே பேசி வளர்ந்த குழந்தைகளும் உண்டு. தனி ஒருவர் மேசையில் எழுதிய வேறெந்த மொழிக்கும் இந்த அளவு உயிர் வரவில்லை. தந்தை நெருப்பில் போட்ட தாள்களிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

புது மொழி செய்ய நம்மால் ஆகாது. நாளை மாலை பூங்காவுக்கு வரும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரரிடம் அவர் மொழியில் ஒரு சொல் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு 16 விதிகள்கூடத் தேவையில்லை.