அட்டைகளில் உலகை அடுக்கிய போல் ஒற்லே

நூல்நிலையத்து அட்டைப் பெட்டியை வெளியே இழுத்து, விரல் நுனியால் ஒவ்வோர் அட்டையாகத் தள்ளி நூலொன்றைத் தேடிய அனுபவம் மூத்த வாசகர் பலருக்கு உண்டு. 12.5 சென்ரிமீற்றர் நீளமும் 7.5 சென்ரிமீற்றர் உயரமுங் கொண்ட அச்சிறு அட்டையை நம்பியே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பெல்ஜிய நாட்டுப் போல் ஒற்லே. உலகத்து நூல்நிலையங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஒரே பட்டியலை ஆக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். நம்பியதோடு நில்லாது ஆக்கவும் தொடங்கினார்.

1868 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 ஆம் திகதி பிரசெல்ஸ் நகரிற் பிறந்தவர் ஒற்லே. தந்தையார் பல நாடுகளில் டிராம் வண்டிப் பாதைகளை அமைத்துப் பெரும்பொருள் ஈட்டியவர். குழந்தைக்கு மூன்று வயதாகும்போதே தாயார் காலமானார். பாடசாலை பிள்ளைகளின் இயல்பூக்கத்தை நசுக்கிவிடும் என்று எண்ணிய தந்தையார், மகனுக்குப் பதினொரு வயதாகும்வரை வீட்டிலேயே ஆசிரியர்களைக்கொண்டு கற்பித்தார். ஒத்த வயதுத் தோழர் இல்லாத அச்சிறுவனுக்குப் புத்தகங்களே தோழராயின.

1890 இற் சட்டப் பட்டம் பெற்றார். வழக்குரைஞர் தொழிலில் மனம் ஒட்டவில்லை. இந்நிலையில் தம்மினும் பதினான்கு வயது மூத்தவரான ஹென்றி லா பொன்ரேன் என்பாரின் நட்புக் கிட்டியது. லா பொன்ரேனும் சட்டம் பயின்றவரே. பிற்காலத்தில், 1913 இல், சமாதானத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றவர். இருவரும் நூற்பட்டியல் தயாரிப்பில் இறங்கினர். அப்போது அவர்கள் கண்ட குறை ஒன்று உண்டு. ஒரே நூலை நூறு நூல்நிலையங்கள் நூறு தடவை, நூறு விதமாகப் பட்டியலிடுகின்றன. எனினும் ஒரு பொருளைப்பற்றி உலகில் எழுதப்பட்டவை எவை என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளன் ஊர் ஊராக அலையவேண்டியிருக்கிறது. இவ்வீண் உழைப்பை ஒழிப்பதற்கு நூல்நிலையங்கள் கைகோத்தாலன்றி வழியில்லை என்று துணிந்தனர்.

1895 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பிரசெல்ஸில் அவர்கள் கூட்டிய மகாநாட்டிலிருந்து சர்வதேச நூற்பட்டியல் நிலையம் உதயமாயிற்று. அமெரிக்கரான மெல்வில் டூயி வகுத்த தசமப் பகுப்பை விரித்தெழுத அவரிடமே அனுமதி பெற்றார் ஒற்லே. எண் எல்லா மொழியாருக்கும் பொதுவன்றோ! டூயியின் முறையில் இல்லாத ஒரு நுட்பத்தையும் சேர்த்தார். புள்ளிவிபரத்துக்கு 31, விவசாயத்துக்கு 63 என்றால், இரண்டுக்கும் இடையே முக்காற்புள்ளி இட்டு 31:63 என்று எழுத, விவசாயப் புள்ளிவிபரம் பற்றிய நூல் என்பது விளங்கும். இன்றும் பல நாடுகளில் வழங்கும் சர்வதேச தசமப் பகுப்பு இதுவே.

பெரிய நூல்நிலையங்களின் அச்சிட்ட பட்டியல்களைக் கத்தரித்து அட்டைகளில் ஒட்டினர். பெரும்பாலும் பெண்களே இவ்வேலையைச் செய்தனர். அவர்தம் பெயர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கவில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லிவைக்கவேண்டும். முதலாண்டு முடிவிலேயே அட்டைகள் நான்கு இலட்சம். 1930 களிலே ஒன்றரைக் கோடி. கட்டணஞ் செலுத்தித் தபாலில் வினா அனுப்பியவர்க்கு, உரிய அட்டைகளைப் பிரதிசெய்து அனுப்பினர். ஆண்டொன்றுக்கு ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட வினாக்கள் வந்தன. ஒருவர் பல்கேரியாவின் நிதிநிலைமையைப்பற்றிக் கேட்பார். இன்னொருவர் எறிந்தால் திரும்பிவரும் பூமராங் தடியைப்பற்றிக் கேட்பார். விடை ஐம்பது அட்டைகளுக்கு மேற்போகும் எனத் தோன்றினால் கேட்டவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை செல்லும்.

பட்டியலோடு ஒற்லே அமையவில்லை. தமக்கென வாசிகசாலை நடத்த வசதியற்ற அறிஞர் சங்கங்கள் பல, தத்தம் நூற்றொகுதிகளை ஒரே கூரையின்கீழ் வைத்துப் பொதுவிற் பயன்படுத்தும் கூட்டு நூல்நிலையம் ஒன்றையும் 1907 அளவில் அமைத்தார். தனித்து நின்றால் தூசு படியும் நூல்கள், கூடி நின்றதால் ஆராய்ச்சிக்குரிய செல்வமாயின.

எனினும் எல்லோரும் கூடவில்லை. லண்டன் றோயல் சங்கம் விஞ்ஞான நூல்களுக்கு வேறொரு சர்வதேசப் பட்டியலைத் தொடங்கியது. தசமப் பகுப்பை அது ஏற்கவில்லை. 1901 முதலான எழுத்துக்களைத் தொகுத்த அப்பட்டியல் 1914 ஆம் ஆண்டின் எழுத்துக்களோடு நின்றது. கூட்டுழைப்பை வற்புறுத்திய இரு முயற்சிகள் தம்முட் கூடாமற்போனமை விந்தையே.

1914 இல் யுத்தம் மூண்டது. ஒற்லேயின் இளைய மகன் ஜோன், ஈசர் ஆற்றங்கரைப் போரில் உயிர்நீத்தான். அத்துயரினிடையிலும் நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று வேண்டுமென அவர் எழுதிவந்தார். யுத்தம் ஓய்ந்தபின், 1920 இல், அரசாங்கம் அளித்த பெருமாளிகையின் ஒரு பகுதியில் அட்டைகளும் நூல்களும் அரும்பொருட்சாலையும் ஒன்றாயின. ஆனால் அரசினரின் ஆர்வம் தளர்ந்தது. 1924 இல் ரப்பர் வணிகப் பொருட்காட்சிக்காக இடத்தை ஒழிக்கச் சொன்னார்கள். 1934 இல் மாளிகைக் கதவுகளையே பூட்டிவிட்டார்கள். அறுபத்தாறு வயது முதியவர் பூட்டிய கதவின் வெளியே காத்திருந்தார், கதவு திறக்கவில்லை.

அதே ஆண்டில்தான் ஆவணவியல் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. வீட்டு மேசையில் ஒரு திரை இருக்க, தொலைபேசி வழியாகக் கேட்டவுடன் தூரத்து நூலின் பக்கம் அத்திரையில் தோன்றும் என்று அதிலே எழுதினார். அட்டையையே கட்டியழுதவர் என்று அவரை இகழ்ந்தோர் இப்பகுதியைப் படித்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் ஒற்லேயின் திட்டத்தில் ஒரு பெரும் பலவீனம் இருந்தது. பலருடைய உழைப்பாற் சேர்ந்த செல்வம் ஒரே நகரத்தில், ஒரு மாளிகையில், ஓர் அரசாங்கத்தின் தயவில் இருந்தது. 1940 இல் பிரசெல்ஸைக் கைப்பற்றிய ஜேர்மனியர், தம் நாட்டுக் கலைக் கண்காட்சிக்கு அம்மண்டபங்கள் வேண்டுமென்று கூறி, நூல்களிலும் சஞ்சிகைகளிலும் பெரும்பகுதியை அழித்தனர். எஞ்சியவை லெயோபோல்ட் பூங்காவிலுள்ள பாழடைந்த கட்டிடத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டன. 1943 இல் லா பொன்ரேன் மறைந்தார். 1944 டிசெம்பரில் ஒற்லேயும் கண்மூடினார்.

அவுஸ்திரேலியரான றேவேட் என்னும் ஆராய்ச்சியாளர் 1968 இல் அக்கட்டிடத்துக்குச் சென்றபோது, ஒற்லேயின் அலுவலறை சிலந்தி வலை மூடியபடியே இருந்தது. எஞ்சிய அட்டைகள் இப்போது மோன்ஸ் நகரில், 1998 இல் திறக்கப்பட்ட காட்சிச்சாலையில், பழைய மர இழுப்பறைகளில் வரிசையாக உள்ளன. யுனெஸ்கோ நிறுவனம் 2013 இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.