வாஷிங்டனாரின் பொய்ப்பற்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் 1732-ஆம் ஆண்டு வர்ஜீனியாவிற் பிறந்தார். அவர்தம் போர்த்திறத்தையும் ஆட்சித்திறத்தையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது அவர் பற்களைப் பற்றியே.

இளமை தொட்டு ஒவ்வொன்றாய்ப் பற்களை இழந்த அப்பெருமகனார் 1789-இல் பதவியேற்றபொழுது அவர் வாயில் எஞ்சியிருந்தது ஒரே பல்! அதற்கு ஒரு துளைவிட்டுப் பொய்ப்பல்வரிசை அமைத்துக் கொடுத்தார் நியூயார்க் நகரத்துப் பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட். அவர் பற்கள் மரத்தாலாயவை என்பது கட்டுக்கதையே. நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களும் உலோகமுமே அவற்றுக்குக் கருவியாயின. 1784-இல் கறுப்பினத்தாரிடமிருந்து ஒன்பது பற்கள் விலைக்கு வாங்கப்பட்டமையை அவர் கணக்கேடு காட்டுகின்றது. விடுதலைக்குப் போர்புரிந்தவர் வரலாற்றில் இச்செய்தி எம் நெஞ்சை உறுத்தாதிருக்கவில்லை.

1798-இல் அவர் செப்பனிட அனுப்பிய பல்வரிசை மிகவும் கறுத்திருந்தது. போர்ட் என்னும் திராட்சை மதுவில் அதனை ஊறவைத்தமையாலோ, அம்மதுவைப் பருகியமையாலோ இக்கறை படிந்ததெனக் கிரீன்வுட் கருதினார். புளித்த மது தந்தத்தின் மெருகைப் போக்கும். ஆதலின், உணவுக்குப்பின் பல்வரிசையைக் கழற்றித் தூயநீரில் இடுமாறும், அன்றேல் சீமைச்சுண்ணத் தூளிட்டுத் தூரிகையால் துலக்குமாறும் எழுதியனுப்பினார்.

கறை நீங்கின் தூய்மை என்று எண்ணிய காலம் அது. பொய்ப்பல்லின் நுண்ணிய பள்ளங்களிற் காண்டிடா என்னும் பூஞ்சை பிசுபிசுத்த படலமாய்ப் படர்ந்து மேலண்ணத்தைப் புண்படுத்தும் என்பது பின்னரே தெளிவாயிற்று. மருந்துநீரில் ஊறவைத்தல் ஒன்றே அப்படலத்தை முற்றும் அகற்றாது, தேய்த்தலும் வேண்டும். கிரீன்வுட்டின் தூரிகை ஆகவே இன்றும் கைவிடப்படவில்லை. சொரசொரப்பான தூளோ இக்காலத்துப் பிளாஸ்டிக் பல்வரிசையைக் கீறிப் பூஞ்சைக்கே இடந்தரும்.

அவ்வறிவுரை வாஷிங்டனாருக்கு நெடுநாள் பயன்படவில்லை. மறு ஆண்டு, 1799 டிசம்பர் 14-ஆம் நாள், தொண்டை நோயுற்று அவர் உயிர்நீத்தார்.