கையெழுத்தின் காவலர் ஸ்டெஃபான் ஸ்வைக்

ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்கை அவருடைய கதைகளாலும் வாழ்க்கை வரலாற்று நூல்களாலும் அறிந்தோர் பலர். ஐரோப்பாவின் பெருங் கையெழுத்துச் சேகரிப்பாளர்களுள் ஒருவராக அவரை அறிந்தோர் சிலரே.

1881 நவம்பர் 28ஆம் நாள் வியன்னாவில், செல்வமிக்க யூத ஆலை அதிபரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் நடிகர், எழுத்தாளர் கையொப்பங்களைத் தேடித் திரிந்தார். வயது முதிர முதிர, வெறும் கையொப்பம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. படைப்பு பிறக்கும் கணத்தை அச்சுத்தாள் மறைத்துவிடுகிறது. அடித்தலும் திருத்தலும் நிறைந்த மூலத்தாளே அதனைக் காட்டுகிறது என்பது அவர் கொள்கை. அச்சுப்படியிலேயே நாவலை மீண்டும் மீண்டும் எழுதும் வழக்கமுடையவர் பால்சாக். அவர் திருத்திய அச்சுப்படித் தொகுதியொன்று ஸ்வைக்கிடம் இருந்தது. நண்பர் ரில்கே தம் கைப்பிரதியொன்றைப் பரிசளித்தார். மொசார்ட் தம் இசைப்படைப்புகளுக்குத் தாமே எழுதிய பட்டியலும், பீதோவனின் மேசையும் அவரிடம் வந்து சேர்ந்தன. ஏல விற்பனைப் பட்டியல்கள் மட்டுமே ஏறத்தாழ நாலாயிரம் இருந்தன.

1919 முதல் சால்ஸ்பர்க் நகர்க் குன்றின்மேல் அமைந்த இல்லத்தில் இச்செல்வத்தைக் காத்தார். 1933 மே 10இல் ஜெர்மனியில் எரிக்கப்பட்ட நூல்களுள் அவருடையவையும் அடங்கும். அவ்வாண்டின் இறுதியில், சமகால அறிஞர்கள் தமக்கு எழுதிய கடிதங்கள் பலவற்றை ஜெருசலேம் நூலகத்திடம் ஒப்படைத்தார். 1934 பிப்ரவரியில் ஆயுதம் தேடிக் காவலர் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். மனம் நொந்து லண்டன் சென்றார். சேகரிப்பின் பெரும்பகுதியை விற்றார்; உயிரனைய சிலவற்றை மட்டும் தம்மிடம் நிறுத்திக்கொண்டார்.

1925இல் அவர் எழுதிய கதையொன்றில், பார்வையிழந்த முதியவர் தம் ஓவியத் தொகுப்பு விற்கப்பட்டதை அறியாமல் வெற்றுத்தாள்களைத் தடவி மகிழ்வார். வறுமை காரணமாக விற்றவர்கள் அவர் குடும்பத்தாரே. ஸ்வைக்கோ கண் திறந்திருக்கத் தாமே விற்க நேர்ந்தது. அம்முதியவருக்கு வாய்த்த அறியாமையின் ஆறுதல்கூட இவருக்கு வாய்க்கவில்லை.

1942 பிப்ரவரி 22இல் பிரேசிலின் பெட்ரோபொலிஸ் நகரில் மனைவியுடன் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். எஞ்சிய தொகுப்பினை 1986இல் அவருடைய வாரிசுகள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வழங்கினர். ஊதா மையில் அவர் எழுதிய கடிதங்களை இன்று பிறர் தேடிச் சேர்க்கின்றனர்.

கவிதை அச்சேறியதும் மூலத்தாளைக் கசக்கி எறியும் வழக்கம் நம்மிடையே உண்டு. எறியுமுன் ஸ்வைக்கை ஒருகணம் நினைப்பது நன்று. கவிஞரின் தயக்கமும் தேர்வும் அந்தத் தாளில் மட்டுமே உயிர்வாழ்கின்றன.