நெறியாளரும் தனியாய்வும்: உ.வே. சாமிநாதையரின் கல்வி வரலாறு

முதுகலை மாணவர் ஒருவர் நெறியாளரின் மேற்பார்வையில் தாமே ஒரு பொருளை ஆராய்ந்து ஆய்வேடு அளிக்கும் முறையின் இரு கூறுகளையும் உ.வே. சாமிநாதையர் (1855–1942) வாழ்வில் காணலாம்.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர்க்குத் தமிழ்ச்சுவையை ஊட்டியவர் அரியலூர்ச் சடகோபையங்கார். பின்னர், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடங்கேட்டார். கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் பயின்றார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, 1876இல் அவர் மறையும்வரை மாணவராயிருந்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் பயின்றதுண்டா என வினவினார். அது ஆசிரியரிடம் பாடங்கேளாத நூல். கேட்டுத் தெளிய அவ்வாசிரியரும் அப்போது இலர். ஆகவே, ஏடுகளைத் திரட்டிப் பாடங்களை ஒப்பிட்டார். சமயக் கருத்துகளைக் குடந்தைச் சமணரிடம் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சுட்டப்படாத மேற்கோள்களின் மூலநூல்களைத் தேடினார். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகியன அதனைத் தொடர்ந்தன.

இளமையில் பெற்ற இலக்கண, யாப்புப் பயிற்சி இன்றேல், சிதைந்த ஏடுகளில் அடியும் சீரும் பிரித்தறிதல் அரிதாகியிருக்கும். தாம் கற்பியாத நூலையும் மாணவர் தனித்து ஆராயுமாறு பயிற்றுவதே நெறியாளர் பணியின் பயன் என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.