அறிஞர் அஸீஸும் கல்முனையும்

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்து எண்ணப்படும் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், 1911 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பின்னர் இந்துக் கல்லூரியிலும் சைவச் சூழலிலே பயின்ற தமிழ், அம்முஸ்லிம் பிள்ளையை இறுதிவரை விட்டகலவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்றுப் புலமைப் பரிசிலோடு கேம்பிரிட்ஜ் சென்ற அன்னார், 1935 இல் இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிம் உத்தியோகத்தரானார்.

1942 இல் பர்மா யப்பானியர் கைப்படவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. உணவு விளைவைப் பெருக்கும்பொருட்டு அரசாங்கம் கல்முனையில் அவசரகாலக் கச்சேரியொன்றைத் திறந்து, அஸீஸ் அவர்களை உதவி அரசாங்க அதிபராக அனுப்பிற்று. அம்பாறை மாவட்டம் 1961 இலேயே உண்டாயிற்று. அதுகாறும் இக்கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி. கச்சேரிக் காரியத்துக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வழி சென்று மீண்டவர்க்கு, கச்சேரியே ஊருக்கு வந்தமை சிறிய காரியமன்று.

நெல்லுக்காக வந்த அதிபர், வயல்களோடு மக்களின் நிலையையும் கண்டார். சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகள் நாட்டுக்குச் சோறிட்டன. போடியார் வயலிற் பாடுபட்டவன் மகனுக்கோ உயர்கல்வி எட்டாக்கனியாயிற்று. இலவசக் கல்வி 1945 இல் வருமுன்னர், உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலக் கல்வி பணங்கொடுத்தே பெறவேண்டியதொன்று. யாழ்ப்பாணத்திற் கல்லூரிகளின் நடுவே வளர்ந்தவர்க்கு இவ்வேற்றுமை நெஞ்சிற் தைத்தது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அந்நாளிற் கொண்ட நட்பும் அவ்வெண்ணத்துக்கு உரமூட்டிற்று. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவ்வாறு தோன்றியதே. 1944 இற் கண்டிக்கு மாற்றலாகியும் அவர் அதனைக் கைவிட்டாரல்லர். அம்முயற்சியே 1945 இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. திறமையிருந்தும் பொருளில்லா மாணவர்க்கு அது கைகொடுத்தது.

1948 இற் பெரும்பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபரானார். 1952 முதல் செனட் சபையிலும் இருந்தார். 'இலங்கையில் இஸ்லாம்' முதலிய நூல்களைத் தமிழிலே இயற்றினார். 1973 நவம்பரிற் காலமானார்.

மறு ஆண்டே, பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கீடு வந்தது. எமது பகுதிப் பிள்ளைகளுக்கு அதனால் வாயில் திறந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர், உயர்ந்த புள்ளி பெற்றும், வெளியே நின்றனர். இதனை இச்சஞ்சிகையில் எழுதக் கூச்சமாகவே இருக்கின்றது. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு இடம் ஒதுக்குதல் முறையே என்பது என் கருத்து. ஆனால், இடம் ஒதுக்கிய வேகத்தோடு ஆய்வுகூடங்கள் எழவில்லை. அஸீஸ் அவர்கள் கல்முனையிற் கைக்கொண்ட வழியில், எவர் பிள்ளையும் இடமிழக்கவில்லை. பின்தங்கியவன் கற்பதற்கான பொருள் முதலில் தேடப்பட்டது.

ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 இல் அமைந்தது. என் மாணவர் சிலர் கல்முனையிற் பேருந்தேறி அங்கு சென்று கற்று, மாலையில் வீடு திரும்புகின்றனர்.