தானே எழுதிக்கொள்ளும் இயந்திரம்
(அறிஞர் வரலாறு: சார்லஸ் பாபேஜ், 1791–1871)

ரஃப்ல கணக்கைச் சரியாப் போட்டிருப்போம். ஃபேர் பண்ணும்போது 69-ஐ 96-னு எழுதிட்டு வந்துடுவோம். மார்க் போச்சு! இந்தச் சின்னத் தப்பை எதிர்த்தே வாழ்நாள் முழுக்கப் போராடிய ஒருவரின் கதைதான் இது.

சார்லஸ் பாபேஜ் 1791 டிசம்பர் 26 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா வங்கித் தொழில் செய்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1814-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஜார்ஜியானா என்பவரை மணந்தார்.

அப்போது கால்குலேட்டர் கிடையாது. அச்சிட்ட அட்டவணைகளைப் பார்த்துத்தான் மாலுமிகள் நடுக்கடலில் தங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுவார்கள். அட்டவணையில் ஒரு எண் தப்பினால் கப்பலின் வழியே தப்பும். 1821-ல் பாபேஜும் அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் பிழை! வெறுத்துப்போன பாபேஜ், இதையெல்லாம் நீராவியே செய்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார்.

யோசித்தபோது ஒன்று புரிந்தது. தப்பு மூன்று இடங்களில் நுழைகிறது: கணக்குப் போடும்போது, பார்த்து எழுதும்போது, அச்சுக் கோர்க்கும்போது. அதனால் இயந்திரம் கணக்குப் போட்டால் மட்டும் போதாது, விடையையும் அதுவே அச்சிட வேண்டும். நடுவில் மனிதக் கை படவே கூடாது!

1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களைப் பாருங்க. இவற்றின் வித்தியாசம் 3, 5, 7, 9. அதற்கும் வித்தியாசம் எடுத்தால் எப்போதும் 2. அப்போ 9-உடன் 2 கூட்டினால் 11. 25-உடன் 11 கூட்டினால் 36. வெறும் கூட்டலிலேயே அடுத்த வர்க்கம் வந்துடுச்சு! இப்படிப் பல்சக்கரங்களால் கூட்டுவதுதான் அவருடைய வித்தியாச இயந்திரம். 1822-ல் சின்ன மாதிரி ஒன்று செய்தார். மறு ஆண்டே அரசு பணம் கொடுத்தது.

ஆனால் 1827-ல் தந்தை, மனைவி, மகன் ஆகியோரை ஒரே ஆண்டில் இழந்தார். 1833-ல் தலைமைக் கைவினைஞருடன் தகராறு வந்து வேலை நின்றது. சுமார் 17,000 பவுண்டு செலவான பிறகு, 1842-ல் அரசும் கைவிட்டது.

மனிதர் ஓயவில்லை. 1834-லேயே பகுப்பு இயந்திரத்தைத் திட்டமிடத் தொடங்கியிருந்தார். ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் நெசவை நடத்துவதுபோல, இதில் அட்டைகள் கட்டளை கொடுக்கும். வரிசையாகக் கோர்த்துவிட்டால் இயந்திரம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும். விடையை அச்சிடும். புது அட்டையில் துளையிட்டும் தரும். அந்த அட்டையை மறுபடி இயந்திரத்துக்கே கொடுக்கலாம். தப்பான அட்டையைக் கொடுத்தால் மணி அடிக்கும்!

கம்ப்யூட்டர் லேப்பில் லினக்ஸ் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையா எழுதி ஓட்டுகிறோமே, அந்த ஸ்கிரிப்ட்தான் நம்ம அட்டைக் கட்டு. விடையைத் திரையில் பார்த்துக் கையால் எழுத வேண்டாம். > போட்டு ஃபைல் பெயர் கொடுத்தால் விடை அதில் போய் உட்காரும். | போட்டால் அடுத்த கட்டளைக்குப் போகும். கட்டளையை $( ) குறிக்குள் வைத்தால், வரும் விடையை ஒரு மாறியில் பிடித்து வைக்கலாம். கட்டளை முடிந்ததும் ஓர் எண்ணும் வரும். 0 என்றால் நலம். வேறு எண் என்றால் ஏதோ தப்பு. அதுதான் பாபேஜின் மணி! அதைக் கவனிக்காமல் விட்டால், தப்பான விடையையே பத்திரமா சேர்த்து வைப்போம்.

எந்த இயந்திரமும் முழுமையாகாத நிலையிலேயே 1871 அக்டோபர் 18 அன்று பாபேஜ் காலமானார். ஆனால் அவர் 1840-களில் வரைந்த இரண்டாம் வித்தியாச இயந்திரத்தின் கணக்கிடும் பகுதியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் செய்து முடித்தது. அச்சிடும் பகுதி 2002-ல் முடிந்தது. இயந்திரம் ஓடியது! வரைபடம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

உங்களுக்கு ஒரு வேலை: 1, 8, 27, 64, 125. வித்தியாசம் எடுத்துக்கொண்டே போங்க. எத்தனையாவது வரிசையில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருது? கண்டுபிடிச்சதை ஃபேர் பண்ணும்போது மட்டும் ஜாக்கிரதை!